ஊசியக்காவும் கொதிக்கும் காரும்

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ஊசியக்காதான். டாக்டர்கள்கூட, "இந்த அம்மாவுக்கு நரம்பு கிடைக்கல, ஊசியக்காவைக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார்கள்.

கீழ்த்தளத்தில், மருந்துக் கடைக்கு அடுத்த அறையில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. மற்றவர்கள் குத்திக் குத்திக் கைவிட்ட கைகளெல்லாம் கடைசியில் அவளிடம் வந்து சேரும். விரல் நுனியால் முழங்கை மடிப்பை ஒரு தடவு தடவுவாள். "இதோ இருக்கான் பாருங்க, ஒளிஞ்சுக்கிட்டு" என்பாள். ஊசி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ஊசியைக் கண்டாலே கண் சொருகும் வாட்டசாட்டமான ஆட்களை மட்டும் முதலில் பெஞ்சில் படுக்க வைத்துவிடுவாள். "விழுந்தா தூக்க எனக்குத் தெம்பு இல்லப்பா" என்பாள்.

நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய் ரத்தம் எடுக்கத் தொடங்கியபோதுதான் கார் தேவைப்பட்டது. அவள் வீட்டுக்காரர் தையல்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு, "நானும் பெடல் மிதிக்கிறவன்தான். ஆனா என் மெஷின் எவ்வளவு மிதிச்சாலும் இருந்த இடத்துலயே இருக்கும். அதான் எனக்கு நிம்மதி" என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆகவே அவளே கற்றுக்கொண்டாள்.

காரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது அவளுடைய தம்பி. பக்கத்துத் தெருவில் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தான். பழைய வெள்ளைக் கார். கதவை அறைந்து சாத்தினால் கண்ணாடி ஒரு தடவை நடுங்கி அடங்கும். மற்றபடி நல்ல வண்டி. சந்து பொந்தெல்லாம் போகும், மழையில் நிற்காது, காலையில் ஒரே திருப்பில் கிளம்பிவிடும். ஊருக்குள் ஓட்டுகிறவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

பெரியக்கா வீட்டுக்குப் போகும்போதுதான் அதன் குணம் தெரிந்தது. கூடப்பிறந்த மூத்தவளான பெரியக்கா இருப்பது வேறு ஊரில். நெடுஞ்சாலையில் அரை நாள் பயணம். முதல் தடவை பாதி வழியிலேயே சூடு காட்டும் முள் மேலே ஏறிச் சிவப்பைத் தொட்டது. பானெட்டின் இடுக்கில் ஆவி சீறிக்கொண்டு வந்தது. அவள் பதறிப்போய் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள். ஆறும்வரை அவளும் வீட்டுக்காரரும் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து வீடு திரும்பினார்கள்.

சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைத் தம்பி மாற்றினான். அடுத்த பயணத்திலும் கொதித்தது. தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரையே புதிதாகப் போட்டான். கொதித்தது. ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்தான். சுற்றியது. வாட்டர் பம்பையும் மாற்றினான். அதற்கும் அது மசியவில்லை. ஒவ்வொரு தடவையும் பட்டறையில் மணிக்கணக்காக இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பான். முள் நடுவிலேயே சாதுவாகப் படுத்திருக்கும். பட்டறையில் நிற்கும்வரை அந்த வண்டி பசு. நெடுஞ்சாலையில் ஏறினால்தான் அதற்குக் கொம்பு முளைக்கும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதாகவே இருந்தது, பெரியக்கா மகளின் கல்யாணம் வரும்வரை.

அன்றைக்கும் வண்டி வழியில் நின்றது. தக்காளி ஏற்றிக்கொண்டு போன ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டு இருவரையும் ஏற்றிக்கொண்டார். பட்டுச்சேலையோடு ஊசியக்காவும், தானே தைத்த புதுச் சட்டையோடு வீட்டுக்காரரும் லாரியிலிருந்து மண்டப வாசலில் இறங்கியபோது, உள்ளே நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போயிருந்தார்கள். தூக்கி வளர்த்த பெண். ஊசியக்கா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியக்கா புருஷன், அதாவது அத்தான், கெட்டவர் இல்லை. வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், மண்டபம் கேட்கச் சொன்னார்: "சொந்த அக்கா வண்டியையே சரிபண்ணத் தெரியல. இவன் ஊரார் வண்டியை என்னத்த பண்ணிக் கிழிப்பான்?"

முதல் நாளே பஸ்ஸில் வந்திருந்த தம்பி, பாத்திரங்களை வேனில் ஏற்றுவதற்கு எடுத்துக்கொண்டிருந்தான். அவன் காதில் அது விழுந்ததை ஊசியக்கா பார்த்தாள். அவன் கையிலிருந்த அண்டாவை மெதுவாக வைத்துவிட்டு, கொல்லை வாசல் வழியாக வெளியே போய்விட்டான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வழியில் விட்ட காரை எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்புவதற்குள் அந்தப் பேச்சு ஊர் வந்து சேர்ந்துவிட்டது. வழக்கமாக வரும் டாக்ஸிக்காரர்கள் இரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போனார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்க அக்கா வண்டியில டீ போடலாமாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். தம்பியும் சிரித்தான். ஆனால் அன்று மாலை ஊசியக்கா பட்டறைக்குப் போனபோது, அவன் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தத் துடைப்பே சரியில்லை. விற்கப்போகிற சாமானைத் துடைக்கிற மாதிரி இருந்தது.

"என்னடா இது?"

"பெரியக்கா வீட்டு மாமா குடோன்ல ஆள் வேணுமாம். போகலாம்னு இருக்கேன்."

"குடோன்ல போய் என்ன பண்ணுவ?"

"மூட்டை எண்ணுவேன். மூட்டை கொதிக்காது பாரு."

வேறு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கிடந்த டயர் ஒன்றை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் எனக்குக் கொடு. அதுக்கப்புறம் நீ மூட்டை எண்ணு, இல்ல மூட்டையோட மூட்டையா உட்காரு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"இன்னும் என்னக்கா பாக்குறது? தெர்மோஸ்டாட் மாத்திட்டேன், ரேடியேட்டர் மாத்திட்டேன், பம்ப்..."

"மாத்தினதைச் சொல்லாத. நோவு எப்ப வருது, எப்ப வரலன்னு சொல்லு. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்ட முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

"தூரமா போனா வருது. ஊருக்குள்ள வரல. அதான் தெரியுமே."

"அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. கல்யாணத்துக்குப் போனப்போ ரொம்ப தூரம் ஒரு லோடு லாரி பின்னாடியே போனோம். முந்தவே வழி இல்ல. உங்க மாமா கொட்டாவி விட்டே களைச்சுப் போனாரு. அவ்வளவு தூரத்துக்கும் முள்ளு அசையவே இல்லடா. லாரி ஒதுங்கி வழி விட்டுச்சு. நேரமாச்சேன்னு நான் ஒரு மிதி மிதிச்சேன். அப்பதான் ஏற ஆரம்பிச்சது."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"லாரி பின்னாடி போனப்போ ஏறவே இல்லையா?"

"இல்லங்கறேன்."

"அப்ப தூரம் இல்லக்கா." அவன் எழுந்தே விட்டான். "வேகம்! அட, மெதுவா போனாத்தானே காத்து பத்தாம சூடாகணும்? வேகமா போனா காத்து அடிச்சு ஆறணும். இது தலைகீழா இருக்கே. அப்ப காத்துல குறை இல்ல, ஃபேன்ல குறை இல்ல. வேகமா போறப்ப உள்ள தண்ணி சுத்தல."

"ஏன் சுத்தல?"

"அதான் தெரியல. பம்ப் புதுசு. வேகம் கூடக் கூட அது இன்னும் பலமா இழுக்கணும்." கன்னத்தில் கிரீஸ் அப்பியது தெரியாமல் கன்னத்தைச் சொறிந்தான். குடோனை மறந்துவிட்டான் என்பது அந்தச் சொறிதலிலேயே ஊசியக்காவுக்குத் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறுவதற்குள் கிளம்பினார்கள். வீட்டுக்காரரும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். "வழியில நின்னா பேச்சுத்துணைக்கு ஆள் வேணுமே" என்றார். ஊசியக்கா ஓட்டினாள். பக்கத்தில் தம்பி, முள்ளின்மேல் வைத்த கண் வாங்காமல்.

நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எடுத்துக் கொஞ்ச நேரம் போனதும், முள் நடுவைவிட்டு எழுந்தது. வழக்கம்போல ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க ஊசியக்காவின் கை சாவிக்குப் போனது. தம்பி அந்தக் கையைப் பிடித்தான்.

"அணைக்காதக்கா! அணைச்சு, ஆறவிட்டு, அப்புறம்தான் ஒவ்வொரு தடவையும் பானெட்டைத் திறக்கறோம். அதுக்குள்ள இது நல்ல பிள்ளை ஆயிடுது. நோவு இருக்கும்போதே பாக்கணும்."

சிவப்பைத் தொடுவதற்கு முன்பே, சாலையோரம் லாரிகளுக்கான ஓர் எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்த காலியிடத்தில் நிறுத்தினார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பானெட்டைத் தூக்கினான். வண்டி நின்ற நிலையில் இன்ஜின் மெல்ல ஓட, முள் தானாகவே இறங்கத் தொடங்கியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஒரு குறையும் தெரியவில்லை.

"அக்கா, மிதி. ரோட்டுல போற மாதிரி நல்லா மிதி."

அவள் மிதித்தாள். நின்ற வண்டி அப்படிக் கத்தியதும் பயந்து காலை எடுத்துவிட்டாள். மறுபடி மிதித்தாள், மறுபடி எடுத்தாள்.

"ஏன்க்கா விட்டு விட்டு மிதிக்கிற?"

"அது கத்துதுடா!"

"சரி, இறங்கு. நான் மிதிக்கிறேன், நீ பாரு. ஃபேன் பக்கம் கை கொண்டுபோகாத. எது மாறினாலும் சொல்லு."

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, டார்ச்சை அடித்துக் குனிந்தாள். இன்ஜின் இரைச்சல் ஏற ஏற எல்லாமே நடுங்கியது. எதைப் பார்ப்பது? வயர்கள், பெல்ட், ரேடியேட்டரின் மேலே ஒரு ரப்பர் குழாய், கீழே மணிக்கட்டுப் பருமனில் இன்னொன்று. டார்ச் வெளிச்சம் அந்தக் கீழ்க் குழாயில் நின்றது.

அது உருண்டையாக இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுப்பகுதி, கன்னத்தை உள்ளே உறிஞ்சினாற்போலக் குழிந்தது. இரைச்சல் இன்னும் ஏறியது. குழாயின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகிவிட்டது.

இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவசரப்பட்டு சிரிஞ்சை வெடுக்கென்று இழுப்பார்கள். இழுத்த வேகத்தில் நரம்பின் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ரத்தம் ஒரு சொட்டு வராது. விட்டால் பழையபடி ஆகிவிடும்.

"டேய்! நரம்பு ஒட்டிக்கிச்சுடா!" என்று கூவினாள்.

அவள் கைதான் எதிலோ மாட்டிக்கொண்டது என்று நினைத்துத் தம்பி காலை எடுத்துவிட்டு ஓடிவந்தான். "எங்கக்கா? எந்த விரல்?"

"விரல் இல்லடா, இது! இந்தக் குழாய்!"

அவன் குனிந்து பார்த்தான். குழாய் கொழுக்கென்று உருண்டையாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"நீ காலை எடுத்துட்ட, அது எழுந்துடுச்சு. போ, போய் மிதி!"

"நான் மிதிச்சா நான் எப்படிப் பாக்குறது?"

இருவரும் ஒரே நேரத்தில் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்தார்.

"வண்டி நகராதே?"

"நகராது மாமா. உங்க மெஷின் மாதிரியேதான், நின்ன இடத்துலயே நிக்கும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வெறுங்காலால் பெடலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மிதித்தார் பாருங்கள்! ஒரு பிசிறு இல்லை. நீளமான தையல் ஒன்றை நூல் அறாமல் ஓட்டுகிறவர்போல, இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஒரே சீராகப் பிடித்து நிறுத்தினார். வாழ்நாளெல்லாம் பெடலில் இருந்த கால் அல்லவா?

அக்காளும் தம்பியும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். கீழ்க் குழாய் குழிந்தது. ஒட்டியது. தட்டையாகிக் கிடந்தது.

"கையும் களவுமா மாட்டிக்கிச்சு!" என்று தம்பி கத்தினான். "மாமா, விடுங்க!" குழாய் எழுந்தது. "மிதிங்க!" படுத்தது. "விடுங்க!" எழுந்தது. சின்னப் பிள்ளைக்குப் புது பொம்மை கிடைத்த மாதிரி மறுபடி மறுபடி செய்யச் சொன்னான். கடைசியில் மண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ரேடியேட்டர்ல ஆறின தண்ணியை பம்ப் இந்தக் குழாய் வழியாத்தான்க்கா இழுக்குது. வேகமா போனா பலமா இழுக்கும். சூட்டுல ரப்பர் வேற இளகியிருக்கும். இது படுத்துக்கும், தண்ணி போகாது, இன்ஜின் கொதிக்கும். இது படுக்கக் கூடாதுன்னுதான் உள்ளே ஒரு ஸ்பிரிங் வச்சிருப்பாங்க. அந்த ஸ்பிரிங் என்ன ஆச்சு?"

மெதுவாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார்கள். முள் ஏறவில்லை. இன்ஜின் நன்றாக ஆறியதும் தண்ணீரை இறக்கி, கிளிப்பைத் தளர்த்தி, குழாயைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தான். வெளியே கன்னங்கரேலென்று பளபளப்பு. உள்ளே ஸ்பிரிங் இருந்த இடத்தில் துருப்பொடியும், தொட்டால் உதிரும் இரண்டு கம்பித் துண்டும்.

"ரேடியேட்டர் மாத்தினேன், பம்ப் மாத்தினேன். ரெண்டு தடவையும் இந்தக் குழாயைக் கழட்டி, துடைச்சு, திரும்ப இதையேதான் மாட்டினேன். பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. எனக்குத் தண்ணி காட்டினவன் இவன்தான்."

"அழகைப் பாத்து ஏமாறாதவன் யாருடா" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு எதற்கோ ஊசியக்காவைப் பார்த்தார். அவள் அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் உதிரிபாகக் கடைக்காரரை வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தார்கள். அவர் எடுத்துக் கொடுத்த குழாய்களை ஒவ்வொன்றாக இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தம்பி அழுத்திப் பார்த்தான். உள்ளே ஸ்பிரிங் வைத்த, எவ்வளவு அழுத்தினாலும் அசராத ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். உள்ளிருந்த துரு போகும்வரை தண்ணீர் விட்டு அலசினான். குழாயை மாட்டி, கிளிப்பை முடுக்கி, புது கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழியெல்லாம் வெளியேறும்வரை காத்திருந்து மூடியைப் போட்டான்.

அன்று பிற்பகலே அதே சாலை. அதே வேகம். முள் எப்போதும் எழுந்திருக்கும் இடம் வந்தது. இடம் போயிற்று. எடைமேடை போயிற்று. முள் நடுவிலேயே இருந்தது. ஊசியக்கா இன்னும் கொஞ்சம் மிதித்தாள். வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

வீட்டுக்காரர் முன்னால் எட்டி, முள் இருந்த கண்ணாடியை விரலால் தட்டினார். "செத்துப்போச்சா என்ன, அசையவே மாட்டேங்குது?"

"வாய்ல நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்தில் தம்பி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வார விடுமுறையில், விடிவதற்கு வெகு நேரம் முன்பே பெரியக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை. வழியில் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. டீ குடிக்கலாம் என்று வீட்டுக்காரர் கெஞ்சியும் நிற்கவில்லை. அத்தான் தோளில் துண்டோடு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிந்தி எழுகிற மனிதர். எதிரில் வந்து நின்ற வெள்ளைக் காரைப் பார்த்து பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்க மறந்துபோனார்.

"எங்க நின்னுட்டு வர்றீங்க?" என்றார் நுரையோடு.

"நிக்கவே இல்ல அத்தான். இங்கதான் முதல்ல நிக்கிறோம்."

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். ஆவியும் இல்லை, சீறலும் இல்லை. தம்பியிடம், "என்னப்பா ஆச்சு இதுக்கு?" என்று கேட்டார். தம்பி ஒன்று விடாமல் சொன்னான், மாமா மிதித்ததையும் அக்கா பார்த்ததையும் சேர்த்து. அத்தான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, தொண்டையைக் கனைத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் நுழையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நம்ம காரும் கொஞ்ச நாளா திருப்பத்துல ஒரு சத்தம் போடுது. இங்க ரெண்டு மூணு பேர்கிட்ட காட்டிட்டேன். நீ கொஞ்சம் பாரேன்."

"சாவியைக் கொடுங்க மாமா."

"அப்புறம், குடோனுக்கு எப்ப வர்ற?"

"உங்க குடோன் லாரி ஏதாவது கொதிச்சா சொல்லி அனுப்புங்க, வரேன்."

அத்தான் அவன் முதுகில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். அவரும் வாய் பெருத்த மனிதர்தான். நல்ல பதில் எங்கே வந்தாலும் ரசிப்பார்.

பெரியக்கா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று பேசாமல் விட்டதையெல்லாம் வாசலிலேயே நின்று பேசினார்கள். பேச்சின் நடுவே பெரியக்கா தெருக்கோடியைப் பார்த்தாள்.

"இந்த ரோடு நேரா போனா கடல்தான், தெரியுமா? இத்தனை வருஷமா இங்க இருக்கேன், ஒரு தடவைகூடப் போனதில்ல. அடுத்த மாசம், அடுத்த மாசம்னே சொல்றாரு இவரு."

"ஏறுக்கா" என்றாள் ஊசியக்கா.

"இப்பவா? அடுப்புல..."

"அணைச்சுட்டு ஏறு."

பெரியக்கா உள்ளே ஓடினாள். அடுப்பை அணைத்துவிட்டு, சேலையைக்கூட மாற்றாமல் வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அத்தான் கதவைப் பூட்டிவிட்டு, துண்டோடு ஓடிவந்து பின் சீட்டில் தம்பிக்கும் சகலைக்கும் நடுவில் முட்டி இடிக்க நுழைந்தார். ஊர் முடிந்து சாலை விரிந்தது. உப்புக் காற்று வரத் தொடங்கியதும் பெரியக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டாள்.

"இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் போயேம்மா" என்றார் அத்தான் பின்னாலிருந்து.

ஊசியக்கா மிதித்தாள்.